எடை போடும் நேரத்தில் உறைந்து நிற்கும் சர்வர்: உள்ளே ஓடுகிற குவெரிகளைப் பார்ப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டிருக்கிறார். ஆபீஸில் ஒரு லினக்ஸ் சர்வர், அதில் மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸ். வாசலில் எடைமேடை, கணக்கு அறை, ஊர்களுக்குள் பச்சை இலை வாங்கும் இரண்டு இடங்கள் என்று மொத்தம் 9 மெஷின்கள் அதில் இணைகின்றன. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், பிக்கப் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும்போது, எடைச்சீட்டுத் திரை உறைந்துவிடுகிறது. ஒரு நிமிடம் போல நின்று, பிறகு ஏதோ பிழைச்செய்தி. மைஎஸ்கியூஎல்லை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. சிபியூ 5 சதவீதம்கூட ஓடவில்லை. முதலாளி புது சர்வர் வாங்கலாம் என்கிறார். "அந்த நேரத்தில் சர்வருக்குள் என்ன நடக்கிறது என்று நேரடியாகப் பார்க்க என்ன வழி அண்ணா?"

தம்பி, முதலில் சர்வர் வாங்குவதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். சிபியூ சும்மா இருக்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றால் சர்வருக்கு வேலை அதிகமில்லை, யாரோ வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் லாரி நின்றுவிட்டால் ரோட்டை அகலப்படுத்த ஆள் கூப்பிடுவோமா? எந்த வளைவு, எந்த லாரி என்றுதான் முதலில் பார்ப்போம். கீழே நிற்கிற நமக்கு ஹாரன் அடிக்கிற வண்டிகள்தான் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். லாரி தெரியாது. டேட்டாபேஸிலும் அச்சு அசலாக இதுதான் நடக்கிறது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். புள்ளியும் அடிக்கோடும் இருக்கிற இடம் மாறாமல் அடித்தால் போதும்.

எல்லாரும் முதலில் கற்றுக்கொள்வது 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்'. யார் யார் இணைந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் என்ன குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) ஓட்டுகிறார்கள் என்று காட்டும். 'ஃபுல்' என்பதை விடாதீர்கள். விட்டால் குவெரியின் முதல் 100 எழுத்து மட்டும்தான் வரும், பெரிய ரிப்போர்ட் குவெரியில் அது செலக்ட் வரிசையைக்கூடத் தாண்டாது. நீங்கள் நுழைந்திருக்கும் யூசருக்கு 'பிராசஸ்' என்ற அனுமதி இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுடைய கனெக்ஷன்கள் மட்டுமே தெரியும், "சர்வரில் ஒன்றுமே ஓடவில்லையே" என்று ஏமாந்துபோவீர்கள். நான் முதல் வருடத்தில் இப்படி ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன்.

அந்தப் பட்டியல் உங்கள் ஃபேக்டரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன் (முதலில் இருப்பது கனெக்ஷன் எண்):

41 – எடை யூசர் – ஸ்லீப் – 412 வினாடி – குவெரி எதுவும் இல்லை
57 – எடை யூசர் – குவெரி – 38 வினாடி – அப்டேட்டிங் – 'அப்டேட் சீட்டு_எண்…'
58 – எடை யூசர் – குவெரி – 31 வினாடி – அப்டேட்டிங் – அதே அப்டேட்
63 – எடை யூசர் – குவெரி – 12 வினாடி – அப்டேட்டிங் – அதே அப்டேட்
70 – கணக்கு யூசர் – குவெரி – 205 வினாடி – ஒரு நீளமான செலக்ட்

யாரைக் குற்றம் சொல்வீர்கள்? பத்தில் ஒன்பது பேர் 70-ஐக் கைகாட்டுவார்கள், ஓடுகிற குவெரிகளில் அதுதானே அதிக நேரம் எடுக்கிறது. ஆனால் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல் வழக்கமாக டேபிளைச் சேமிக்கும் முறை) டேபிளில் சாதாரண செலக்ட், அதாவது வெறுமனே படிக்கும் குவெரி, எழுதுகிறவரை மறிக்காது. பழைய பதிப்பைப் பார்த்துப் படித்துக்கொண்டே போகும். முதலாளி மாதக் கடைசிக் கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அதைக் கொன்றால் முதலாளிக்குக் கோபம் வரும், எடைமேடை அப்படியேதான் நிற்கும். 57, 58, 63 மூன்றும் ஹாரன் அடிக்கிற வண்டிகள். லாரி எது என்றால், தூங்குவதுபோல் இருக்கிற 41.

'ஸ்லீப்' என்றால் இந்த நொடி அந்தக் கனெக்ஷன் குவெரி எதையும் ஓட்டவில்லை என்று மட்டும்தான் பொருள். டிரான்சாக்ஷனை, அதாவது ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பை, திறந்து, ஒரு வரியைப் பூட்டி, கமிட் (முடிந்தது என்று உறுதி) செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாலும் மைஎஸ்கியூஎல் அதற்கும் ஸ்லீப் என்றுதான் பெயர் போடும். ஒன்றுமறியாத ஸ்லீப்பும் பூட்டை வைத்திருக்கிற ஸ்லீப்பும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். இதில் வேடிக்கை, மைஎஸ்கியூஎல் படிக்கிற எல்லாருக்கும் ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள்: பட்டியல் நீளமாக இருந்தால் 'பேஜர் கிரெப் -வி ஸ்லீப்' போட்டு, தூங்குகிற வரிகளை வடிகட்டிவிடு என்று. படிக்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் நோய்க்கு அந்த வடிகட்டிதான் குற்றவாளியைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறது.

ஆகவே பிராசஸ்லிஸ்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த டேபிளுக்கு வாருங்கள்: 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.இன்னோடிபி_டிஆர்எக்ஸ்'. திறந்திருக்கிற டிரான்சாக்ஷன் ஒவ்வொன்றுக்கும் இதில் ஒரு வரி இருக்கும். 'டிஆர்எக்ஸ்_ஸ்டார்ட்டட்' என்ற நேரத்தை வைத்து ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள். பழையது மேலே வரும். 'டிஆர்எக்ஸ்_மைஎஸ்கியூஎல்_த்ரெட்_ஐடி' என்பதுதான் பிராசஸ்லிஸ்ட்டில் பார்த்த எண். எடைச்சீட்டு போடுகிற டிரான்சாக்ஷன் கண் இமைப்பதற்குள் முடிய வேண்டியது. அது 7 நிமிடமாகத் திறந்திருந்து, குவெரி என்ற கட்டத்தில் 'நல்' (காலி) என்று காட்டினால், லாரியைப் பிடித்துவிட்டீர்கள்.

யார் யாரை மறிக்கிறார்கள் என்று ஜோடி ஜோடியாகவே பார்க்க வேண்டுமானால் 'சிஸ்.இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ்' இருக்கிறது. 'செலக்ட் ஸ்டார் ஃப்ரம்' போட்டு, கடைசியில் அரைப்புள்ளிக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் பெரிய எழுத்து ஜி-யும் அடியுங்கள், ஒவ்வொரு கட்டமும் தனித்தனி வரியாக வரும். 'வெயிட்டிங்_பிஐடி' காத்திருப்பவர், 'பிளாக்கிங்_பிஐடி' மறிப்பவர். 58-ஐ 57 மறிக்கிறது என்றும் ஒரு வரி இருக்கும், 57-ஐ 41 மறிக்கிறது என்றும் இருக்கும். 57 பாவம், அதுவும் வரிசையில் நிற்பதுதான். மறிப்பவர் கட்டத்தில் வந்து, காத்திருப்பவர் கட்டத்தில் எங்குமே வராத எண் எதுவோ அதுதான் வேர்.

41 தூங்குவதால் 'பிளாக்கிங்_குவெரி' காலியாக இருக்கும். கடைசியாக அது என்ன செய்தது என்று தெரிய வேண்டாமா? 'சிஸ்.செஷன்' என்ற வியூவில் 'லாஸ்ட்_ஸ்டேட்மென்ட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'கான்_ஐடி' 41 என்று போட்டுப் பார்த்தால் அது கடைசியாக ஓட்டிய வாக்கியம் கிடைக்கும். அதில்தான் கதை முழுவதும் இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரி, சில வருடங்களுக்கு முன்பு. ஐப்பசி மழை. வாசலில் நான்கு பிக்கப், சாக்கில் இலை சூடாகிக்கொண்டிருக்கிறது, டிரைவர்கள் சத்தம் போடுகிறார்கள். நான் 'சிஸ்.செஷன்' பார்த்தேன். கடைசி வாக்கியம், சீட்டு எண்ணை ஒன்று கூட்டுகிற அப்டேட். அது எந்த மெஷின் என்று ஹோஸ்ட் கட்டத்தில் இருந்த ஐபியை வைத்துத் தேடிப் போனால், பழைய எடைமேடை அறை. நாற்காலி காலி. திரையில் ஒரு சின்னப் பெட்டி: "பிரிண்டரில் பேப்பர் இல்லை. மறுபடி முயலவா?" எடை எழுதுகிறவர் பேப்பர் கட்டு எடுக்க ஸ்டோருக்குப் போனவர், அங்கேயே டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். அந்த மென்பொருள் எழுதியவர் டிரான்சாக்ஷனைத் தொடங்கி, சீட்டு எண்ணைக் கூட்டி, எடையை எழுதி, சீட்டை அச்சடித்து, அப்புறம்தான் கமிட் என்று வைத்திருந்தார். சீட்டு எண் டேபிளில் இருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரியின் பூட்டு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் பேப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. புது சர்வர் வாங்கியிருந்தால் அதுவும் அந்தப் பேப்பருக்காகத்தான் காத்திருக்கும்.

உங்கள் இடத்தில் இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. ஊர்களுக்குள் இரண்டு இலை வாங்கும் இடம் என்றீர்கள். அங்கே கரண்ட் போனாலோ, மழையில் லைன் அறுந்தாலோ, அந்த மெஷின் "போய்வருகிறேன்" என்று சர்வரிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. சர்வருக்கு அந்தக் கனெக்ஷன் இன்னும் உயிரோடு இருக்கிறது. லினக்ஸ் இயல்பு அமைப்பில் 7200 வினாடி, அதாவது 2 மணி நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால்தான் எதிர்முனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவே தொடங்கும். சும்மா இருக்கிற கனெக்ஷனை மைஎஸ்கியூஎல் தானே அறுக்கும் வரம்பான 'வெயிட்_டைம்அவுட்' இயல்பாக 28800 வினாடி, 8 மணி நேரம். இரண்டில் அந்த 2 மணி நேரம்தான் முந்தும், ஆகவே சாயங்காலம் ஆறு மணிக்குப் போன லைன் பிடித்துவைத்த பூட்டு இரவு எட்டு மணிக்கு மேல்தான் தானாக விடுபடும். அதற்குள் நீங்கள் ரீஸ்டார்ட் செய்துவிடுகிறீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பதன் ரகசியம் இதுதான், எல்லாப் பூட்டும் ஒன்றாகக் கழன்றுவிடுகிறது.

அந்தப் பிழைச்செய்தியும் நான் ஊகித்ததாகவே இருக்கும்: 'லாக் வெயிட் டைம்அவுட் எக்ஸீடட், டிரை ரீஸ்டார்ட்டிங் டிரான்சாக்ஷன்', எண் 1205. வரியின் பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பான 'இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட்' இயல்பாக 50 வினாடி, நீங்கள் சொன்ன ஒரு நிமிடம் போல என்பதோடு பொருந்துகிறது. ரீஸ்டார்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் நம் ஆட்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். அது டிரான்சாக்ஷனைத்தான் மறுபடி தொடங்கச் சொல்கிறது. இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. 1205 வந்தால் இயல்பு அமைப்பில் அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் பின்வாங்கப்படும், டிரான்சாக்ஷன் திறந்தே இருக்கும். மென்பொருள் ரோல்பேக் (டிரான்சாக்ஷன் முழுவதையும் பின்வாங்குதல்) செய்யாமல் வெறும் பிழைப்பெட்டியைக் காட்டிவிட்டு நின்றால், அந்த மெஷின் அதற்கு முன்பு எதையாவது பூட்டியிருந்தால் அந்தப் பூட்டு அப்படியே இருக்கும். ஒரு லாரி இரண்டாகிவிடும்.

இனி, கண்டுபிடித்ததும் என்ன செய்வது? 'கில் குவெரி 41' என்றால் ஓடுகிற வாக்கியத்தை மட்டும் நிறுத்தும். 41 எதையுமே ஓட்டவில்லை, ஆகவே ஒன்றும் நடக்காது. "கில் போட்டும் போகவில்லை" என்று போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். வெறும் 'கில் 41' போடுங்கள். கனெக்ஷன் அறுந்து, டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகி, பூட்டு கழலும், பின்னால் நின்ற மூன்றும் அந்த நொடியே நகரும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: அந்த மெஷினில் எடை எழுதியவருக்குப் போன் போட்டு, கடைசியாக யாருடைய இலை, எத்தனை கிலோ என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கமிட் ஆகாத சீட்டு காணாமல் போகும். விவசாயி கையில் சீட்டு இருந்து, நம் கணக்கில் இல்லாமல் போனால், மாதக் கடைசியில் பணம் வாங்க வரும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அப்புறம், பெரிய அப்டேட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது கில் போட்டால் உடனே நிற்காது. எழுதியதையெல்லாம் திரும்ப அழிக்க வேண்டும், பொறுமையாக இருங்கள்.

வேறொரு காட்சியும் எப்போதாவது வரும். ஸ்டேட் கட்டத்தில் எல்லா வரியிலும் 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' என்று இருந்தால், மென்பொருள்காரர் தொலைவிலிருந்து நுழைந்து பட்டப்பகலில் ஒரு ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) போட்டிருக்கிறார். அது முதலாளியின் அந்த நீளமான செலக்ட் முடிவதற்காகக் காத்திருக்கும், ஆல்டருக்குப் பின்னால் வருகிற எல்லாரும் ஆல்டருக்காகக் காத்திருப்பார்கள். இந்தக் காத்திருப்புக்கான 'லாக்_வெயிட்_டைம்அவுட்' இயல்பாக 31536000 வினாடி, ஒரு வருடம்! இங்கே கொல்ல வேண்டியது ஆல்டரை. இதைப் பார்க்க 'சிஸ்.ஸ்கீமா_டேபிள்_லாக்_வெயிட்ஸ்'.

தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க 'மைஎஸ்கியூஎல்அட்மின் -ஐ 2 பிராசஸ்லிஸ்ட்' போதும், 2 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். இன்னோடாப் என்ற கருவி லினக்ஸின் 'டாப்' கட்டளை மாதிரியே திரை முழுக்கக் காட்டும், பூட்டுகளுக்குத் தனிப் பக்கமும் உண்டு. 9 மெஷினுக்கு கிராஃபானா (வரைபடங்களாகக் காட்டும் கருவி) வரைக்கும் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பார்க்க அழகாக இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். அதைவிட, 10 வினாடிக்கு ஒருமுறை இன்னோடிபி_டிஆர்எக்ஸ்-ஐப் பார்த்து, 30 வினாடிக்கு மேல் திறந்திருக்கும் டிரான்சாக்ஷன்களை மட்டும் நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதுகிற நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள். ஒரு வாரத்தில் எந்த மெஷின், எந்த நேரம் என்று பட்டியல் கையில் இருக்கும். அதை முதலாளியிடம் காட்டலாம்.

மெதுவான குவெரிகளை எழுதிவைக்கும் ஸ்லோ குவெரி லாக் (இந்த 'லாக்' பதிவேடு, பூட்டு அல்ல) எதற்கு என்று கேட்பீர்கள். அது நல்லதுதான், இயல்பாக அணைந்திருக்கும், வரம்பும் 10 வினாடி என்று இருக்கும். இயக்கி 1 வினாடிக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் குவெரி முடிந்து பூட்டுகளை விட்ட பிறகுதான் அதில் எழுதப்படும். தூங்குகிற 41 அதில் வரவே வராது. ஜெனரல் லாக்கை மட்டும் சாயங்காலத்தில் திறந்து விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு குவெரியும் எழுதப்படும், மறந்துவிட்டால் டிஸ்க் நிறைந்து உண்மையாகவே சர்வர் நிற்கும்.

இன்னொன்று, மென்பொருள் ரூட் (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி) யூசரில் நுழைகிறதா என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல் 'மேக்ஸ்_கனெக்ஷன்ஸ்' இயல்பாக 151, அதற்கு மேல் ஒரே ஒரு இடத்தை நிர்வாகிக்கு ஒதுக்கி வைத்திருக்கும். மென்பொருளும் ரூட் என்றால் அந்த ஒரு இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும், 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' வரும் நாளில் நீங்களே வெளியில் நிற்பீர்கள். பார்ப்பதற்கென்று 'பிராசஸ்' அனுமதியும், சிஸ், பெர்ஃபாமன்ஸ் ஸ்கீமா இரண்டையும் படிக்கும் அனுமதியும், சிஸ்-இன் ஃபங்ஷன்களை ஓட்டும் 'எக்ஸிக்யூட்' அனுமதியும் மட்டும் கொடுத்துத் தனி யூசர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தீர்வு மென்பொருளில்தான். எடையை எழுது, கமிட் செய், அப்புறம் அச்சடி. "அச்சாகாமல் போனால் எண் வீணாகுமே, ஆடிட்டர் கேட்பாரே" என்று மென்பொருள்காரர் சொல்வார். மறு அச்சு என்று ஒரு பட்டனும், 'ரத்து' என்று ஒரு குறியும் வைத்தால் போதும். சீட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிய காலத்திலேயே ரத்தான சீட்டைக் குறுக்கே கோடு போட்டுப் புத்தகத்திலேயே வைத்திருந்தோமே. அவர் திருத்தித் தரும்வரை 'வெயிட்_டைம்அவுட்'டை 300 வினாடிக்கு இறக்கி வையுங்கள். லைன் அறுந்த மெஷினின் பூட்டு 5 நிமிடத்தில் கழலும். சும்மா திறந்து வைத்திருக்கும் திரைகளின் கனெக்ஷனும் அறுபடும், சில மென்பொருள்கள் அதைத் தாங்காமல் பிழை காட்டும், ஆகவே முதலில் ஒரு மெஷினில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நீளக் கனெக்ஷனை நம்பியிருக்கும் மென்பொருள் என்றால் நான் முன்னே சொன்ன ஷெல் ஸ்கிரிப்டுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருக்கும் நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அங்கே 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'. நம் 41 அங்கே இருந்தால் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று பெயரோடு நிற்கும், ஒளிய முடியாது. இந்த ஒரு விஷயத்தில் போஸ்ட்கிரெஸ்தான் நேர்மை. குவெரி கட்டத்தில் இருப்பது ஓடுகிற குவெரி என்று நினைத்துவிடாதீர்கள். ஐடில் என்றால் அது கடைசியாக ஓடி முடிந்தது. மறிப்பவரைக் காட்ட 'பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ்', கனெக்ஷனை அறுக்க 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்', தானாக அறுக்க 'ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்'. லினக்ஸில் நேராகப் போய் 'கில் -9' மட்டும் போட்டுவிடாதீர்கள், ஒரு பிராசஸைக் கொன்றால் எல்லாக் கனெக்ஷனும் அறுந்து, சர்வர் மீட்புக்குப் போய்விட்டு வரும்.

சரி, இன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்கே இரண்டு டெர்மினல் திறந்து வையுங்கள். ஒன்றில் பிராசஸ்லிஸ்ட், இன்னொன்றில் இன்னோடிபி_டிஆர்எக்ஸ். உறைந்ததும் ரீஸ்டார்ட் செய்யாமல், லாக்_வெயிட்ஸ் வெளியீட்டை ஒரு ஃபைலில் எடுத்துவிட்டு 'கில்' போடுங்கள். அந்த ஃபைலை எனக்கு அனுப்பலாம். குவெரி வரிகளில் விவசாயிகளின் பெயரும் பேங்க் கணக்கு எண்ணும் இருக்கும், அவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டுவிடாதீர்கள். 41-க்குரிய ஐபி எந்த மெஷின், அதன் பிரிண்டரில் பேப்பர் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.